டைம்ஷேர் கையெழுத்துக்கு முன்னால் ஒரு தாள் கொடுக்கச் சொல்லுங்கள்

மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.முக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தினருக்கு வணக்கம்.

ரிசார்ட் அறையில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து முன்கூட்டியே விற்பதுதான் டைம்ஷேர். 2016ஆம் ஆண்டின் இன்ட்ரஸ்ட் ஸ்கீம்ஸ் சட்டப்படி அந்தத் திட்டங்கள் உங்களிடம்தான் பதிவாகின்றன. விற்பவர்களுக்கு எழுதிப் பயனில்லை என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

பேரங்காடிகளில் 'சுரண்டிப் பாருங்க, பரிசு உண்டு' என்று கூப்பிடும் டைம்ஷேர் விற்பனை மேசைகளைக் கோலாலம்பூரில் பார்க்காதவர் குறைவு. பரிசை வாங்கக் கணவன் மனைவி இரண்டு பேரும் வரவேண்டும். அப்புறம் மணிக்கணக்கில் விளக்கம். கடைசியில், 'இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்.' தீம் பார்க் ரிசார்ட்டுக்குள்ளேயே உங்களுக்கென்று ஓர் இடம், இனி ஓட்டல் செலவே கிடையாது என்கிறார்கள். ஆண்டுதோறும் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணம் மட்டும் பேச்சில் மெல்ல நழுவிப் போகும். போனாலும் போகாவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும்.

செந்தூலில் இருக்கும் என் அக்காவும் மாமாவும் இப்படி ஒன்றில் சேர்ந்தார்கள். பள்ளி விடுமுறையா, தீபாவளி வாரமா, எப்போது கேட்டாலும் 'ஃபுல்' என்றே பதில். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நாள்களில் அறை தாராளமாகக் கிடைக்கிறதாம்!

உள்ளே தங்குவது வசதிதான், மறுக்கவில்லை. வெயிலில் துவண்ட குழந்தையை மத்தியானம் அறையில் தூங்க வைத்துவிட்டு மாலையில் திரும்பிப் போகலாம். அடுப்பு உள்ள அறை என்றால் புரட்டாசியிலும் சாப்பாட்டுக் கவலை இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களைப் பார்க் திறக்க 30 நிமிடம் இருக்கும்போதே உள்ளே விடுகிறார்கள். ஆனால் அங்கே டைம்ஷேர் வாங்கியவருக்கும் அன்றைய வாடகை கட்டித் தங்குபவருக்கும் அந்த 30 நிமிடம் ஒன்றுதான். உள்ளே தங்குவது வேறு, உள்ளே உரிமை வாங்குவது வேறு. விற்பனை மேசையில் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

நம் ஊரையே பாருங்கள். தீம் பார்க் உள்ள கெந்திங் மலையில் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஓட்டல் ஒன்றில் மட்டும் 7,351 அறைகள். மலையில் கொஞ்சம் கீழே கோ தோங் ஜெயாவில் தங்கி, ஆவானா நிலையத்தில் கேபிள் கார் ஏறினாலும் மேலே போய்விடலாம். சன்வே லகூன் தீம் பார்க்குக்கோ அறையே தேவையில்லை. கொமுட்டர் ரயிலில் செத்தியா ஜெயா, அங்கிருந்து பி.ஆர்.டி. பஸ். இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனைதான். 25 ஆண்டு உறுப்பியம் 30,000 ரிங்கிட், ஆண்டுக் கட்டணம் 800, ஆண்டுக்கு 6 இரவுகள். ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் ஆகிறது, ஓர் இரவு ஏறத்தாழ 333. 'ஃபுல்' என்று சொல்லி 3 இரவுதான் கிடைத்தால் அதே இரவு 667. கட்டணம் ஏறுவதையும் கிரெடிட் கார்டு வட்டியையும் நான் சேர்க்கவே இல்லை. பக்கத்து ஓட்டலின் வாடகையை இதன் அருகில் வைத்துப் பார்க்க யாரும் அவகாசம் தருவதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு தாள் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். அதே அறையின் அன்றைய ரொக்க வாடகை, கடந்த 10 ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் ஏறிய விதம், பள்ளி விடுமுறையில் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, வேண்டாம் என்றால் விற்க முடியுமா, எந்த ஆண்டோடு உரிமை முடிகிறது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். முடியும் ஆண்டை யாரும் கவனிப்பதில்லை. 1991இல் திறந்த டிஸ்னியின் முதல் டைம்ஷேர் ரிசார்ட்டில் ஆரம்பகால ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 2042இல் காலாவதியாகும். வீடு போலப் பேரப்பிள்ளைக்கு எழுதி வைக்கிற சொத்து அல்ல இது.

ரத்து செய்ய எத்தனை நாள் இருக்கிறது என்பதும் தாளின் தலையிலேயே பெரிய எழுத்தில் வரட்டும். ஃபுளோரிடா சட்டம் 10 நாள் தருகிறது. இங்கே உள்ள கெடுவை ஒப்பந்தத்தின் உள்பக்கங்களில் தேட வேண்டியிருக்கிறது.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பீர்கள். 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் கோரிக்கை எழுந்த 3 ஆண்டுக்குள் போக வேண்டும். டைம்ஷேர் வாங்கியவருக்குச் சந்தேகம் வருவதே பெரும்பாலும் அதற்கப்புறம்தான்.

தாள் மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் இருக்கட்டும். விற்கும்போது எங்களிடம் தமிழில்தானே பேசுகிறார்கள்.

இப்படிக்கு,
செந்தூலில் கணக்கெழுதிப் பிழைக்கும் ஒருவன்