வேக வரம்பைக் கிளை ரவுட்டரிலேயே அமைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிளை அலுவலகங்களின் கவுண்டர்களில் ‘சர்வர் ஸ்லோ’ என்று சொல்லி மக்களைக் காக்க வைப்பது வாடிக்கையாகிவிட்டது. இத்தகைய இணைப்புகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல இடங்களில் குறை சர்வரில் இல்லை, தலைமை அலுவலகத்துக்குச் செல்லும் லீஸ்டு லைனின் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பின்) வேக வரம்பை எந்த முனையில், எந்த முறையில் அமல்படுத்துவது என்று யாரும் யோசிக்காததில்தான் இருக்கிறது.

வரம்பை மீறும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) ரவுட்டரில் வரிசையாக நிறுத்திச் சீராக வெளியே விடுவது ஷேப்பிங். நிறுத்தாமல் அக்கணமே கைவிடுவது போலீசிங். வாடிக்கையாளர் எவ்வளவு அனுப்புவார் என்பது சேவை நிறுவனத்தின் கையில் இல்லை; ஆகவே அது தன் எல்லையில் போலீசிங் வைப்பதைக் குறை சொல்ல முடியாது.

தவறு நம் முனையில் நடக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒப்பந்தம் விநாடிக்கு 10 மெகாபிட்டுக்கு. கொடுக்கப்படும் இணைப்புமுனையான போர்ட்டோ 100 மெகாபிட் வேகத்தில் இயங்குவது. யாரும் சொல்லி வைக்காததால் கிளை ரவுட்டருக்கு 10 என்ற எண்ணே தெரியாது. வந்ததையெல்லாம் 100 மெகாபிட் வேகத்திலேயே தள்ளிவிடுகிறது. சராசரிப் பயன்பாடு 6 மெகாபிட்டைத் தாண்டாதபோதும், சில மில்லிவிநாடிகளே நீளும் அந்தப் பாய்ச்சலில் எதிர்முனையில் சேவை நிறுவனம் அனுமதிக்கும் பர்ஸ்ட் அளவு (ஒரே மூச்சில் ஏற்கும் தரவின் அளவு) தீர்ந்து, மீதிப் பாக்கெட்டுகள் கைவிடப்படுகின்றன. தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபி அந்த இழப்பை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கண்காணிப்புத் திரையிலோ ஐந்து நிமிடச் சராசரி மட்டும் தெரிவதால், லைன் பாதி காலியாக இருப்பதாகவே தோன்றும். கூகுள் சர்வர்களின் தரவைக் கொண்டு 2016-இல் வெளியான உலகளாவிய ஆய்வில், போலீசிங்குக்கு உள்ளான இணைப்புகளில் பாக்கெட் இழப்பு சராசரியாக 6 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது.

ஆகவே கிளை ரவுட்டரின் வெளிச்செல்லும் திசையில், ஒப்பந்த வேகத்துக்குச் சற்றுக் கீழே, 9.5 மெகாபிட் அளவில் ஷேப்பிங் அமைப்பதே முறை. கிளைக்கு வரும் திசைக்குத் தலைமை அலுவலக ரவுட்டரில், கிளைவாரியாகத் தனித்தனியே அமைக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். வரிசையை நீளவிடுவதும் ஆபத்தே. 1,500 பைட் பாக்கெட்டுகள் 64 காத்திருந்தால் 10 மெகாபிட் லைனில் தாமதம் சுமார் 77 மில்லிவிநாடி. 2 மெகாபிட் லைனில் அதுவே 384 மில்லிவிநாடி. தொலைபேசி உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) பரிந்துரை. எனவே குரலுக்கு முன்னுரிமை வரிசை தனியாக வேண்டும். அது மற்றவற்றின் பங்கை விழுங்கிவிடாதபடி அதற்கு மட்டும் போலீசிங் வைக்கலாம். தாமதமாக வந்துசேரும் குரல் பாக்கெட்டால் யாருக்கும் பயனில்லை என்பதால், அங்கே கைவிடுவதே சரி.

டெண்டர் ஆவணங்களில் ‘10 மெகாபிட்’ என்று மட்டும் எழுதுவதை நிறுத்தி, எதிர்முனையில் அனுமதிக்கப்படும் பர்ஸ்ட் எத்தனை பைட், ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் சேரும் ஈதர்நெட் தலைப்புப் பகுதியும் அந்த வேகக் கணக்கில் சேருமா என்ற இரண்டையும் நிறுவனங்களிடம் எழுத்துமூலம் பெறுமாறு, பொதுத்துறை அலுவலகங்களின் கணினிப் பிரிவினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்,
திருச்சி