ஒரு மனுவில் ஒரு குறை போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குவியும் மனுக்களில் பல, எழுதிய விதத்தாலேயே தேங்கிவிடுகின்றன. பட்டா மாறுதல், தெருவிளக்கு, முதியோர் உதவித்தொகை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், மனு ஒரு துறைக்குத்தான் போகும். மற்ற இரண்டும் அங்கேயே கிடக்கும். ஒரு மனுவுக்கு ஒரு குறை போதும்.

"எங்கள் நிலத்தை மீட்டுத் தாருங்கள்" என்றால் தாசில்தார் எதைத் தேடுவார்? கிராமம், வட்டம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவை முதல் பத்தியிலேயே வர வேண்டும். தேதி, கையொப்பம் மறக்கக் கூடாது. அசல் ஆவணத்தை எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள், நகல் போதும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். அதிலுள்ள எண்தான் மனுவின் உயிர்.

பதில் வராவிட்டால் அதே மனுவை மறுபடி கொடுப்பதில் பயனில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன், "இந்த எண்ணுள்ள மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல் தருக" என்று கேளுங்கள். "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தட்டிக்கழிக்க வழியுண்டு. 30 நாளில் பதில் இல்லையேல், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

மனு வெறும் காகிதம் அல்ல என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1852-ல் கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம், வரி வசூலில் நடந்த சித்திரவதையை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பியது. அதன் தொடர்ச்சியாக அமைந்த விசாரணைக் குழு, 1855 அறிக்கையில் சித்திரவதை நடந்ததை ஒப்புக்கொண்டது.