கெவின் ரட் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய திரு. கெவின் ரட் அவர்களுக்கு,

வணக்கம். அரசுகளால் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளிடம் 2008 பிப்ரவரி 13 அன்று, பிரதமராக, நாடாளுமன்றத்தில் தாங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். தங்களுக்கு முன்பிருந்தவர் பத்தாண்டுகளாகக் கேட்க மறுத்த மன்னிப்பு அது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதனுடன் இழப்பீடு கிடையாது என்றும் தங்கள் அரசு முடிவெடுத்தது. அந்த முடிவைப் பற்றியே எழுதுகிறேன்.

புரூஸ் டிரெவோரோவின் வழக்கைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். 1957 கிறிஸ்துமஸ் நாளன்று, 13 மாதக் குழந்தையாக, வயிற்று வலிக்காக அடிலெய்டு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் அவர். பெற்றவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே அவரை ஒரு வெள்ளையர் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். பிள்ளை எப்படி இருக்கிறான், எப்போது வீட்டுக்கு வருவான் என்று தாய் கடிதம் எழுதிக் கேட்டபோது, குழந்தை தேறி வருவதாகவும் வீட்டுக்கு அனுப்ப மருத்துவர் இன்னும் இசையவில்லை என்றும் பழங்குடியினர் பாதுகாப்பு வாரியம் பதில் அனுப்பியது. குழந்தையோ அதற்கு முன்பே வேறொரு வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும், அப்படிப் பிள்ளையை எடுத்துக்கொள்ள வாரியத்துக்குச் சட்டப்படி அதிகாரமே இருந்ததில்லை.

பத்து வயதில் தாயிடம் திரும்பினார். தந்தையை அவர் மறுபடி காணவே இல்லை. தாய்வீடும் அந்நியமாகிவிட்டிருந்ததால் அங்கே ஒட்டமுடியாமல் மீண்டும் அரசுப் பராமரிப்புக்குப் போனார். மனச்சோர்வும் குடியும் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. அதே ஏழைக் குடும்பத்தில் தாயிடம் வளர்ந்த அண்ணன்மார் டாமும் ஜார்ஜும் தங்கள் பழங்குடியான ஙாரின்ஜெரி மக்களின் மதிப்புக்குரிய பெரியவர்களாக விளங்கினார்கள். பிள்ளைகளின் நன்மைக்காகவே எடுத்தோம் என்ற பழைய வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

2007 ஆகஸ்டில் தெற்கு ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அவருக்கு 5,25,000 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. தாங்கள் மன்னிப்புக் கேட்ட நான்காம் மாதம், 51 வயதில், அவர் காலமானார். அவரைப் போல நீதிமன்றம் சென்று வெல்ல மற்றவர்களால் எளிதில் இயலவில்லை. ஆவணங்கள் அழிந்திருந்தன, சாட்சி சொல்லவேண்டியவர்கள் இறந்திருந்தார்கள். அதனால்தான் வழக்கில்லாத இழப்பீட்டுத் திட்டம் வேண்டுமென்று இப்படிப் பறிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 1997-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கையே பரிந்துரைத்திருந்தது. மத்திய அரசு, மாநிலங்களில் சேராமல் தன் நேரடி ஆட்சியில் இருந்த பகுதிகளில் பறிக்கப்பட்டவர்களுக்கு 75,000 டாலர் அறிவித்தது 2021-இல். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இழப்பீட்டை அன்று மறுத்தது தவறு என்று தாங்களே இப்போது எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் உரிய தொகைக்காக வாதாடிக்கொண்டிருப்பவர்களுக்கு, மன்னிப்புக் கேட்டவரின் அந்த ஒப்புதல் உதவும்.

இப்படிக்கு,
ஆஸ்திரேலியாவில் வாழும் ஒரு தமிழ் வாசகன்