ஆடாமல் கிடக்கும் விளையாட்டுகளுக்கும் பத்தியில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வரும் வீடியோ கேம் விமர்சனங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எழுதுபவர் விஷயம் தெரிந்தவர், விளம்பர ஆரவாரத்துக்கு மசியாதவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பத்தி ஏறக்குறைய எப்போதும் அந்தந்த மாதம் வெளிவந்த விளையாட்டுகளைப் பற்றியே பேசுகிறது. அடுத்து எதை வாங்குவது என்ற யோசனை என்னைப் போன்றவர்களுக்கு இல்லை. என்றோ தள்ளுபடியில் வாங்கி, ஒருமுறைகூடத் திறக்காமல் கணக்கில் கிடப்பவற்றுள் எதை முதலில் ஆடுவது என்பதில்தான் நாங்கள் தடுமாறுகிறோம். அதற்கு உதவும் வகையில் பத்தியின் ஒரு பகுதியைப் பழைய விளையாட்டுகளுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இதைச் சிலரின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. கணினி விளையாட்டு விற்பனையில் முன்னணியில் இருக்கும் ஸ்டீம் தளம் 2024 இறுதியில் வெளியிட்ட கணக்கின்படி, அதன் பயனர்கள் ஆடிய மொத்த நேரத்தில் அந்த ஆண்டு வெளிவந்த விளையாட்டுகளுக்குக் கிடைத்தது 15 விழுக்காடுதான். 37 விழுக்காடு நேரம், வெளிவந்து எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆனவற்றுக்குப் போயிருக்கிறது. ஒரு பயனர் அவ்வாண்டில் ஆடிய விளையாட்டுகளின் இடைநிலை எண்ணிக்கை 4; அதாவது, பாதிப் பேராவது நான்குக்கு மேல் ஆடவில்லை. அதே ஆண்டில் அந்தத் தளத்துக்குப் புதிதாக வந்தவை 18,000க்கும் மேல். பழையவற்றுக்குப் போன நேரத்தில் பெரும்பங்கு கவுன்ட்டர் ஸ்ட்ரைக், டோட்டா போன்ற முடிவே இல்லாத போட்டி விளையாட்டுகளுடையதாக இருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் அதை மறுக்க மாட்டேன். அப்படியே இருந்தாலும், மக்கள் ஆடுவதற்கும் பத்திரிகைகள் எழுதுவதற்கும் இடையே இத்தனை தொலைவு இருக்க வேண்டியதில்லை.

இப்படி ஆடாமல் கிடக்கும் நிலுவை எப்படிச் சேருகிறது என்பது ஊரறிந்த கதை: பருவந்தோறும் தள்ளுபடி, பத்து விளையாட்டுகளை ஒன்றாகக் கட்டி விற்கும் தொகுப்பு, 2018 டிசம்பரில் தொடங்கப்பட்ட எபிக் என்ற இணைய விளையாட்டுக் கடை வாரந்தோறும் இலவசமாகக் கொடுப்பவை. பலர் கவனிக்காத ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்டீம் 2015 முதல் பின்பற்றும் விதிப்படி, வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம். பிறகு ஆடிக்கொள்ளலாம் என்று மலிவாக வாங்கி ஒதுக்கி வைப்பவர், விளையாட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அந்த உரிமையை இழந்துவிடுகிறார்.

நிலுவையைத் தீர்க்கப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, பட்டியல் போட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக முடித்து, அதுவரை புதிதாக எதையும் வாங்காமல் இருப்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பகல் முழுவதும் கோப்புகளைப் பார்த்துவிட்டு வருபவர், இரவில் இன்னொரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, முடித்தவற்றுக்கு எதிரே குறியிட்டுக்கொண்டிருப்பதில் என்ன விளையாட்டு இருக்கிறது? அரை மணி நேரம் ஆடிப் பார்த்துப் பிடிக்காமல் போனதை நீக்கிவிடுவதும் நிலுவையைத் தீர்க்கும் வழிதான். விலை கொடுத்தோமே என்பதற்காக இருபது மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் கிடையாது.

உண்மையில் நிலுவையில் மிகக் கடினமானவை தொடவே தொடாதவை அல்ல, பாதியில் விட்டவை. நீண்டதொரு கதை விளையாட்டைப் பல மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். முன்பு நிறுத்தி, சேவ் செய்த (சேமித்து வைத்த) இடத்தில் நம் கதாபாத்திரம் ஒரு குகையின் நடுவே நிற்கிறது. எதற்காக அங்கே வந்தோம், கூட நிற்பவர் நண்பரா, கூலிக்கு வந்தவரா என்பது நினைவில் இல்லை. உருண்டு தப்பிக்க வேண்டிய பொத்தானை அழுத்துவதாக நினைத்து வேறொன்றை அழுத்த, பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்த மருந்துக் குப்பியைக் கதாபாத்திரம் குடித்துத் தீர்க்கிறது. பொத்தான்களைக் கற்றுத்தந்த தொடக்கப் பயிற்சி எப்போதோ முடிந்துவிட்டது; அது மீண்டும் வராது. முதலிலிருந்து தொடங்கவும் மனம் வருவதில்லை. பெரும்பாலோர் இந்த இடத்தில் மூடிவிட்டு வேறொன்றைத் திறக்கிறார்கள். சில விளையாட்டுகள் இந்தச் சிக்கலை உணர்ந்து செய்யப்பட்டவை. டிராகன் குவெஸ்ட் 11இல் சேவ் கோப்பைத் திறந்ததும் இதுவரை நடந்த கதை சுருக்கமாகக் காட்டப்படுகிறது. 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸில், நாம் கண்டறிந்த செய்திகள் அனைத்தையும் விண்கலத்தின் கணினி ஒன்றோடொன்று கோடிட்டு இணைத்து வைத்திருக்கிறது. இத்தகைய வசதி உண்டா என்று சொல்லும் விமர்சனத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். படத்தின் தெளிவையும் ஒளியின் பிரதிபலிப்பையும் பற்றி மூன்று பத்திகள் எழுதுபவர்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

அடுத்தது நேரம். ஒரு விளையாட்டை முடிக்கச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை, ஆடியவர்களே தரும் தகவலைக் கொண்டு ஹவ் லாங் டு பீட் என்ற இணையதளம் தொகுத்து வைத்திருக்கிறது. 2007இல் வந்த போர்ட்டலை மூன்று மணி நேரத்தையொட்டி முடித்துவிடலாம். 2015இல் வந்த தி விட்சர் 3இன் முதன்மைக் கதைக்கு மட்டுமே ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் வேண்டும், கிளைக்கதைகளையும் ஆடினால் நூறைத் தாண்டும். ஆனால் மணிக்கணக்கு மட்டும் போதாது. ஐம்பது மணி நேர விளையாட்டானாலும் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடிந்தால், நாள்தோறும் அரை மணி நேரமே கிடைப்பவரும் ஆடிவிடலாம். குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே சேவ் செய்யவிடும் பத்து மணி நேர விளையாட்டு, கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒருபோதும் முடியாது.

வரிசையைத் தீர்மானிக்க வேறொரு அளவுகோலும் உண்டு. என் கருத்தில் அதுவே முதன்மையானது: எது நிலைக்கும், எது போய்விடும்? யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ என்ற 2014ஆம் ஆண்டுக் காரோட்ட விளையாட்டு, 2024 மார்ச் 31 அன்று அதை இணையவழி இயக்கிவந்த நிறுவனத்தின் சர்வர்கள் நிறுத்தப்பட்டதும் தனியாக ஆடுபவர்களுக்கும் பயனற்றுப் போனது. அதையொட்டி எழுந்த எதிர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கும் மக்கள் கோரிக்கையாக வளர்ந்து, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யு என்ற விளையாட்டுக் கருவிகளுக்கான இணையக் கடையில் 2023 மார்ச் 27உடன் விற்பனை நின்றது. ஆப்பிள் 2019இல் மேக் கணினிகளுக்கு வெளியிட்ட கேட்டலினா இயங்குதளம் 32 பிட் எனப்படும் பழைய வகை மென்பொருள்களைக் கைவிட்டபோது, முந்தைய நாள்வரை ஓடிய எத்தனையோ விளையாட்டுகள் ஓடாமல் போயின. நாம் வாங்குவது விளையாட்டையல்ல, ஆடுவதற்கான உரிமத்தை மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே, இணைய இணைப்பின்றித் திறக்கவே திறக்காத விளையாட்டையும் பழைய கருவியில் மட்டும் ஓடுவதையும் முதலில் ஆடிவிடுவதே விவேகம். நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டு (டிஆர்எம்) எதுவும் இல்லாமல் ஜிஓஜி போன்ற இணையக் கடைகளில் வாங்கி, நிறுவும் கோப்பைத் தனியே சேமித்து வைத்திருப்பவற்றுக்கு அத்தனை அவசரம் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். புதிய விளையாட்டைப் பற்றி எழுதும்போது, விமர்சனத்தின் இறுதியில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக, முடிக்க ஆகும் நேரம், எங்கு வேண்டுமானாலும் சேவ் செய்ய முடியுமா, இணைப்பு இல்லாமல் ஆட முடியுமா, இடைவெளி விட்டு வருபவருக்குக் கதையை நினைவூட்டும் வசதி உண்டா ஆகிய விவரங்களைத் தர வேண்டும். மாதம் ஒருமுறையாவது ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, இன்றைய கணினியில் அது ஒழுங்காக ஓடுகிறதா, இப்போதும் ஆடத் தக்கதா என்று எழுத வேண்டும். பரபரப்பு அடங்கி, வெளிவந்த நாளில் இருந்த பிழைகளும் திருத்தப்பட்ட பிறகு எழுதப்படும் அத்தகைய மதிப்பீடு, முதல் வாரத்தில் அவசரமாக எழுதப்படுவதைவிட நம்பகமாகவும் இருக்கும். ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய சிறு விளையாட்டுகளிலிருந்து இந்த வரிசையைத் தொடங்கினால், எழுதுபவருக்கும் அதிகச் சுமை இராது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்