சிதறு தேங்காயும் சில நன்றிகளும்

அன்புள்ள பினாங்கு நண்பர்களுக்கு வணக்கம்.

"தைப்பூச ரதத்தின் முன்னால் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைப்பது நேர்த்திக்கடன் அல்ல, பணத்தின் சத்தம்" என்று வாசகர் கூட்டத்தில் பேசினேன். திட்டு விழும் என்று தெரியும். இவ்வளவு விழும் என்று தெரியாது. இருந்தும் பேச்சு தேறியது என்றால் அது உங்களால்தான்.

முதல் நன்றி, தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் பூக்கட்டும் அக்காவுக்கு. ஓடு ஆணவம், பருப்பு தூய மனம் என்று வழக்கமான விளக்கத்தைத்தான் நானும் எழுதி வைத்திருந்தேன். அக்கா நாரை விரலில் சுற்றியபடியே கேட்டார்: "அதுக்குப் பேரே சிதறு தேங்காய், தம்பி. சிதறினதைப் பொறுக்க ஆள் வேணாமா?" ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தேங்காயை ஓங்கும்போதே பிள்ளைகள் குனிந்து தயாராக நிற்பார்கள். இங்கே ரதம் போகும் டத்தோ கிராமாட் சாலையில் குவிவதை மண்வாரி இயந்திரம் அள்ளிக்கொண்டு போகிறது. பொறுக்க ஆளில்லாமல் உடைத்தால் சடங்கில் பாதிதான் மிச்சம். என் வாதமே இதுதான், இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆளுக்கு ஒரு தேங்காய் போதும் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல முறை கேட்டிருக்கிறது. அவர்கள் கவலை வீண் விரயம். என் கவலை அந்தப் பிள்ளைகள்.

அடுத்த வீட்டுச் சீன அங்கிளுக்குத் தனி நன்றி. 'சீனர்கள் சேர்ந்த பிறகுதான் இது போட்டியானது' என்று ஒரு வரி வைத்திருந்தேன். அவர் அம்மா, மகனுக்குக் காய்ச்சல் இறங்க வேண்டிக்கொண்டு, ஒரே ஒரு தேங்காயை ஊதுபத்தியோடு ரதம் வரும்வரை மடியில் வைத்திருந்தாராம். "போட்டியை யார் ஆரம்பித்தது, உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது. வரியை அடித்துவிட்டேன்.

துப்புரவுத் தொழிலாளி அண்ணனுக்கும் நன்றி. புளித்த தேங்காய்த் தண்ணீரில் வழுக்கி விழாமல் நடப்பது எப்படி என்று காலணியைத் திருப்பிக் காட்டினார். அடிப்பாகம் முழுக்க ஓட்டுச் சில்லு.

அப்புறம், கூட்டத்தில் எழுந்து நின்று என்னை வறுத்தெடுத்த தேங்காய் வியாபாரி அண்ணன். "1894-இல் வெள்ளி ரதம் வந்த காலத்து வழக்கம்" என்றார். ரதம் அந்தக் காலத்தது, சரி. மூட்டைக் கணக்கும் அந்தக் காலத்ததா என்று கேட்டேன், சிரித்துவிட்டார். மறுநாள் இரண்டு தேங்காய் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்று சட்னியாகிவிட்டது, அண்ணே. இன்னொன்றைப் பூக்கட்டும் அக்கா வாங்கிக்கொண்டார்.