யுரேனஸ் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. போன கடிதத்துக்கு நீ பதில் போடாத கணக்கை நேரில் தீர்த்துக்கொள்வோம். இப்போது யுரேனஸ் பற்றிப் பேசியாக வேண்டும். உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

ராமநாதன் சார் கரும்பலகையில் வரைந்த ‘கோணல் கிரகம்’ நினைவிருக்கிறதா? யுரேனஸின் சுழல் அச்சுக்கும் காந்த அச்சுக்கும் 59 பாகை சாய்வு. அவர் சொன்னதெல்லாம் 1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 விண்கலம் கடந்து போகிற போக்கில் அளந்தது. அதற்கப்புறம் அங்கே எந்த விண்கலமும் போகவில்லை.

அன்று அளந்ததில் இரண்டு விஷயம் புதிராகவே நின்றுவிட்டது. கதிர்வீச்சு வளையங்களில், அதாவது காந்தப்புலத்தில் சிக்கிய வேகமான துகள்கள் கிரகத்தைச் சுற்றி நிற்கும் பட்டைகளில், எலக்ட்ரான்கள் ஏகத்துக்கும் இருந்தன. ஆனால் காந்தக்கோளத்துக்குள், அதாவது கிரகத்தின் காந்தப்புலம் ஆளும் வெளிக்குள், பிளாஸ்மா என்கிற மின்னூட்டமுள்ள வாயு இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. வியாழனில் அயோ என்ற நிலாவும் சனியில் என்சலடஸ் என்ற நிலாவும் ஓயாமல் வாயுவைக் கக்கித் தங்கள் கிரகத்தின் காந்தக்கோளத்தை நிரப்புகின்றன. இங்கே ஒன்றும் காணோமே, அப்படியானால் யுரேனஸின் நிலாக்கள் செத்தவை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

2024 நவம்பரில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்த கட்டுரை அதே பழைய தரவைத் திரும்பப் புரட்டியிருக்கிறது. வாயேஜர் போய்ச் சேரச் சில நாள் முன்புதான் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாயும் துகள்களின் ஓட்டம், ஓங்கி அடித்து, காந்தக்கோளத்தின் கன அளவை 20 சதவீதமாக நசுக்கியிருக்கிறது. அந்த அடியில்தான் பிளாஸ்மா வெளியேறியிருக்க வேண்டும், கதிர்வீச்சு வளையங்களில் எலக்ட்ரான்கள் குவிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இப்படி நசுங்கிக் கிடப்பது மொத்த நேரத்தில் 4 சதவீதம்தானாம்! புயலடித்த மறுநாள் ஓர் ஊருக்குப் போய்விட்டு, இந்த ஊரில் மரமே கிடையாது என்று எழுதி வைத்த மாதிரி.

யுரேனஸின் நிலாக்களான டைட்டானியாவும் ஓபரானும் பனிக்கு அடியில் கடலோடு இருக்கலாம், சேகர். 38 வருடம் அந்த ஒரே நாளை வைத்து அவற்றைப் பற்றி யோசித்திருக்கிறோம். இதை நினைத்தால் மனசு ஆறவில்லை. யுரேனஸைச் சுற்றிவர ஒரு விண்கலம் அனுப்புவதற்கே முதலிடம் என்று 2022-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் குழு பரிந்துரைத்தது. அது கிளம்பிப் போய்ச் சேரும்போது நீயும் நானும் இருப்போமா தெரியவில்லை.

சரி, உனக்கு ஒரு வேலை. சூரியக் காற்றின் அழுத்தமும் கிரகத்தின் காந்த அழுத்தமும் சமமாகிற இடம்தானே காந்தக்கோளத்தின் எல்லை? இருமுனைக் காந்தம் என்று வைத்துக்கொண்டால், எல்லையின் தூரம் அழுத்தத்தின் ஆறாம் மூலத்துக்கு எதிர்விகிதம். கன அளவு ஐந்தில் ஒன்றாக வேண்டுமானால் அழுத்தம் 25 மடங்கு ஏற வேண்டும் என்று எனக்கு வருகிறது. கட்டுரையில் கிட்டத்தட்ட 20 மடங்கு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று போட்டுப் பார்த்து எழுது. இதற்காவது பதில் போடு.

அன்புடன்,
முரளி