வெப்சைட் மாத்தறதுக்கு முன்னாடி உங்களை வெச்சு ஒரு வேலை இருக்குதுங்க

உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம்ம மஞ்சள் விவசாயிகள் சங்க வெப்சைட்டைப் புதுசா பண்ணப் போறோம். முகப்புல எந்த போட்டோ, என்ன கலருன்னு யாரும் இப்பவே யோசனை சொல்ல வேண்டாம், அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம். முதல்ல, நீங்க அதை எப்படிப் பயன்படுத்தறீங்கன்னு பக்கத்துல உக்காந்து பாக்கோணும்.

கோபி பக்கம் ஒரு அண்ணன்கிட்ட, "இன்னைக்கு விரலி மஞ்சள் என்ன வெலைன்னு பாருங்கண்ணா"ன்னேன். 'சந்தைத் தகவல்'ங்கறதைத் தாண்டிப் போயி 'செய்திகள்'ல தேடுனாரு. கடைசில ஒரு பிடிஎஃப் இறங்குச்சு, எழுத்தெல்லாம் எறும்பாட்டம். போனை மூடி வெச்சுட்டு, தெரிஞ்ச கமிஷன் மண்டிக்கே கூப்புட்டுட்டாரு. அவருகிட்டயே கருத்து கேட்டிருந்தா "நல்லாத்தானுங்க இருக்குது"ன்னிருப்பாரு. மூஞ்சிக்கு நேரா குறை சொல்ற ஊரா நம்மூரு! கேள்வித்தாள் குடுத்துக் கருத்து கேக்கறது வேண்டாம்னு நான் சொல்றது அதுக்குத்தான்.

ஆளும் நிறைய வேண்டியதில்லீங்க. அஞ்சு பேரை வெச்சுப் பாத்தாலே 85 சதவீதச் சிக்கல் தெரிஞ்சிரும்னு வெப்சைட்டை ஜனங்க எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு ஆராய்ச்சி பண்ற ஜேக்கப் நீல்சன் 2000லயே எழுதியிருக்காரு. ஆனா அது ஒரே மாதிரி ஆளுங்களுக்குத்தான். வெதமஞ்சள் தேடற விவசாயி வேற, சரக்கு தேடற வியாபாரி வேற. அதனால ரெண்டு பக்கமும் தனித்தனியா நாலஞ்சு பேரு.

மெனுவுக்குப் பேரு வெக்கறதும் நீங்கதான். துண்டுச் சீட்டுல தலைப்பு எழுதித் தருவோம், உங்களுக்குச் சேர்ந்தாப்பல தோணுறதை ஒண்ணா அடுக்குங்க.

சொந்த போன்லயே பாக்கோணும். பையன்கிட்ட குடுத்துப் பாக்கறவங்க பையனையும் கூட்டிட்டு வாங்க. மொடக்குறிச்சி, சிவகிரி, அந்தியூர்க்காரங்களுக்கு நாங்களே தோட்டத்துக்கு வர்றோம், அங்க சிக்னல் எப்படின்னும் தெரியோணுமில்ல. வர்றவங்க பேரும் ஊரும் இங்கயே போடுங்க.